தாடை மச்சம் பார்த்து வாங்கவும்

கழுத்தில் இருந்த மருக்களை எடுக்கப் போன இடத்தில் தாடைக்கும் மருந்து வைத்தாகிவிட்டது என்பது, டாக்டரம்மா கைக்கண்ணாடியை நீட்டிய பிறகுதான் சின்னவருக்குத் தெரிந்தது. இடது தாடையில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம், சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல வெளுத்திருந்தது.

“இது என்ன?” என்றார்.

“அதுக்கும் ஆசிட் வச்சிருக்கேன் சார். உங்களைக் கேட்டுட்டுத்தானே வச்சேன்?”

கேட்டது உண்மைதான். சட்டைக் காலர் உரசும் இடத்தில் வரிசையாக இருந்த மருக்களுக்கு, குச்சியில் சுற்றிய பஞ்சை அமிலத்தில் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டே வந்த டாக்டரம்மா, எரிந்தால் சொல்லுங்கள் என்றார். நன்றாகவே எரிந்தது. ஆனால் சின்னவரின் குடும்பத்து ஆண்கள் வலிக்கிறது என்று சொல்வதில்லை. வலித்தாலும் ‘ம்’, பசித்தாலும் ‘ம்’, கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டாலும் ‘ம்’. அதற்கு மேல் வாயைத் திறப்பது கௌரவக் குறைவு என்பது அந்த வீட்டின் பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலியில் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவரிடம், தாடையில் இருப்பதையும் எடுத்துவிடலாமா என்று டாக்டரம்மா கேட்டபோதும் அதே ‘ம்’தான் வந்தது.

“அது எங்க குடும்ப மச்சம்” என்றார் சின்னவர். குரல் அவருடையதாக இல்லை.

“மச்சம் இல்ல சார், மரு. மச்சமா இருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேன். லென்ஸ் வச்சுப் பார்த்துட்டுத்தான் வச்சேன். ஏன், பொறந்தப்பவே இருந்ததா?”

அதற்கு அவர் ‘ம்’ கூடச் சொல்லவில்லை.

கழுத்தில் ஓரிடத்தில் லேசாக ரத்தம் கசிந்தது. டாக்டரம்மா தீக்குச்சி போல ஒன்றை எடுத்து, நுனியை நனைத்து, அங்கே ஒற்றினார். சில்வர் நைட்ரேட் குச்சி என்றார். இப்போது ஒன்றும் தெரியாது, வெளிச்சம் பட்டால் பட்ட இடம் கறுத்துவிடும், சோப்புப் போட்டாலும் போகாது, பயப்பட வேண்டாம், தோல் உரியும்போது தானாகப் போய்விடும் என்றார். தாடையில் வைத்தது பொருக்குக் கட்டி விழுந்துவிடும், தழும்புகூட இருக்காது என்று ஆறுதலும் சொன்னார். அந்த ஆறுதலைக் கேட்டுத்தான் சின்னவருக்குத் தலை சுற்றியது.

அவர்களுடையது பூட்டுக் கம்பெனி. ஒவ்வொரு பூட்டும் வரும் அட்டைப்பெட்டியின் மேல் கம்பெனியைத் தொடங்கிய கொள்ளுத்தாத்தாவின் படம் இருக்கும். முறுக்கிய மீசை, கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு, இடது தாடையில் மிளகளவு மச்சம். அந்தக் காலத்தில் போலிகள் வந்தபோது மீசையைக் காப்பியடித்தார்கள், கோட்டைக் காப்பியடித்தார்கள், மச்சத்தை மட்டும் கோட்டை விட்டார்கள். அதிலிருந்து பெட்டியின் அடியில் ஒரு வரி சேர்ந்தது: ‘தாடை மச்சம் பார்த்து வாங்கவும்.’

ஆச்சரியம் என்னவென்றால், அந்த மச்சம் பெட்டியோடு நிற்கவில்லை. தாத்தாவுக்கு வளர்ந்து ஆளான பிறகு அதே இடத்தில் வந்தது. அவருடைய இரண்டு பிள்ளைகளில் பெரியவருக்கு, சின்னவரின் அப்பாவுக்கு, வந்தது. வராத பிள்ளை, அதாவது சின்னவரின் சித்தப்பா, கோடவுனுக்குப் போனார். சித்தப்பாவுக்குப் பூட்டு என்றால் உயிர். எந்தப் பூட்டையும் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தே உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். பெரியவருக்குச் சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதிலேயே சந்தேகம் உண்டு. ஆனாலும் தாடை பேசியது, எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். சித்தப்பா எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. காலையில் முகம் மழிக்கும்போது மட்டும் இடது தாடையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பார். அதைக் கோடவுன் ஆட்கள் கண்டும் காணாதது போல இருப்பார்கள்.

சின்னவருக்குத் தாடையில் கறுப்பாக ஒன்று முளைத்தபோது வீடே கொண்டாடியது. பெரியவர் மட்டும் மகனைக் கூப்பிட்டு ஜன்னலோரம் நிறுத்தி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுப் போட்டு நுனி கறுத்துப்போன அந்த ஆட்காட்டி விரலால் அழுத்தித் தேய்த்தார். எச்சில் தொட்டும் தேய்த்தார். போகவில்லை. அப்போது அவர் முகத்தில் வந்த உணர்ச்சி என்னவென்று யாருக்கும் பிடிபடவில்லை. பெருமிதம் என்று முடிவு செய்தார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி முற்றத்தில், டீலர்கள் முன்னால், பெரியவர் தலைமைச் சாவியைச் சின்னவர் கையில் கொடுப்பதாக ஏற்பாடு. புதிய பெட்டிக்குச் சின்னவர் முகத்தைப் போடுவதற்காகப் போட்டோகிராபரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அந்த மேடையில் நல்ல காலர் வைத்த சட்டை போட வேண்டும் என்றுதான் சின்னவர் கழுத்து மருக்களை எடுக்கப் போனது. குடும்ப கௌரவத்துக்காகப் போனவர், அதைக் கிளினிக்கிலேயே பஞ்சில் ஒற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

முதலில் விதி அவரை ஏமாற்றியது. வெளுத்த புள்ளி மறுநாளே கறுத்துப் பொருக்குத் தட்டி, முன்னைவிட எடுப்பாக நின்றது. என்னங்க, மச்சம் இப்ப நல்லா பளிச்சுன்னு தெரியுதே என்று மனைவியே சொன்னாள். டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சின்னவர் நிமிர்ந்து நடந்தார். சனிக்கிழமை காலை முகம் கழுவும்போது அது கழன்று, கழுவு தொட்டியின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

“ஐயோ” என்றார் சின்னவர். அந்த வீட்டில் ஓர் ஆண் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது அதுதான் முதல் தடவை.

கதவுக்கு வெளியே மனைவி நின்றாள். “என்னங்க, உள்ள யாரு கூட இருக்கீங்க?”

“ம்.”

பொருக்கை அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் பசையால் தாடையில் ஒட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். மெல்லாமல் விழுங்கினார். எதிரே பெரியவர் செய்தித்தாளை மேஜையில் விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நாளைக்கு என்ன பேசப் போகிறாய், யோசித்து வைத்திருக்கிறாயா என்று தலை நிமிராமல் கேட்டார். இவர் வழக்கம் போல ‘ம்’ என்றார். அந்த ஒரு ‘ம்’முக்குத் தாடை அசைந்தது. பரம்பரை அடையாளம் செய்தித்தாளின் நடுப்பக்கத்தில் விழுந்தது.

பெரியவர் அதை மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்தார். எறும்பு என்று சொல்லி, விரலால் சுண்டிவிட்டார்.

சின்னவர் மேஜைக்கு அடியில் நான்கு காலில் தவழ்ந்து தேடினார். ஆனால் அதற்குள் துடைப்பம் வந்து போயிருந்தது. அதன் பிறகு உள்ளங்கையைத் தாடையில் ஏந்தியபடியே நடமாடினார். பொறுப்பு வரப்போகிறது என்றதும் பிள்ளை யோசிக்க ஆரம்பித்துவிட்டான் என்று பெரியவர் நெகிழ்ந்தார்.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மனைவியின் புருவப் பென்சிலால் மச்சம் வரைந்துகொண்டிருந்தபோது அவள் உள்ளே வந்துவிட்டாள். கணவர் கண்ணாடி முன் உதட்டைக் குவித்து, தன் புருவப் பென்சிலோடு நிற்பதைப் பார்த்த எந்த மனைவிக்கும் வரும் அதிர்ச்சி அவளுக்கும் வந்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இதை எத்தனை நாளாக மறைக்கிறீர்கள் என்று தணிந்த குரலில் கேட்டாள். அவள் நினைத்தது வேறு என்பது புரிந்து, அதற்கு உண்மையே பரவாயில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

“அவ்வளவுதானா? மாமாகிட்ட சொல்லிட வேண்டியதுதானே” என்றாள்.

“சொன்னா சித்தப்பா கதிதான் எனக்கும். கம்பெனியை மூடினாலும் மூடுவாரே தவிர, மச்சம் இல்லாதவன் கையில சாவியைக் குடுக்க மாட்டார். கோடவுன்ல போய் நான் என்ன பண்ணுவேன்? சித்தப்பாவுக்காவது பூட்டைப் பத்தித் தெரியும்.”

வியர்வையில் பென்சில் மச்சம் வழிந்து கழுத்து வரை வந்திருந்தது. அவள் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். தாடையில் இருந்தது போயிற்று. கழுத்தில் இருந்த ஒன்று மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

“இது என்னங்க, சோப்புக்கும் போகல? அசல் மச்சம் மாதிரியே இருக்கு.”

டாக்டரம்மாவின் குச்சி பட்ட இடம் அது. கணவனும் மனைவியும் கண்ணாடிக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கம்பெனிக்கு எதிரே ஒரு பழைய மருந்துக்கடை உண்டு. அப்பாவுக்குப் பிறகு மகன் என்று நடந்து வரும் கடை. இப்போதைய கடைக்காரருக்கே தலை நரைத்துவிட்டது. சின்னவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சில்வர் நைட்ரேட் குச்சி வேண்டும் என்று காதோடு காதாகச் சொன்னார். யாருக்கு, எதற்கு என்றால் என்ன பொய் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தார். கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மேஜையின் கடைசி இழுப்பறையைத் திறந்து, ஒரு குச்சியைக் காக்கித் தாளில் சுற்றிக் கொடுத்து, கும்பிடும் போட்டார். நம் குடும்பத்துக்கு இந்தத் தெருவில் இருக்கும் மரியாதையே தனி என்று சின்னவருக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் பெரியவர் கண்ணில் படாமல் கம்பெனிக்கு வந்து, கோடவுனை ஒட்டிய கழுவறைக்குள் நுழைந்தார். ஜன்னல் இல்லாத அறை. தூசி படிந்த ஒரு பல்பு. குச்சியைக் குழாய்த் தண்ணீரில் நன்றாக முக்கித் தாடையில் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர்தான் தெரிந்தது. மறுபடி வைத்தார். குச்சி பழசோ என்று சந்தேகப்பட்டு, நுனியை விரலில் தேய்த்துப் பார்த்தார். அதிலும் ஒன்றும் இல்லை. நெற்றி வியர்வையைத் துடைத்தார். மூக்கு நமைத்தது, சொறிந்தார். காதோரம் ஒரு கொசு உட்கார்ந்தது, தட்டினார். வெளிச்சம் பட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது அவர் நினைவுக்கு வரவே இல்லை. பிறகு இன்னொரு தடவை, அழுத்தமாக, வட்டமாக, தாடையில் வைத்தார்.

“என்னடா பண்ற?”

பின்னால் சித்தப்பா நின்றிருந்தார். டீலர்களுக்கான சரக்கை வண்டி ஏற்றிவிட்டு, விழாவுக்காகக் கோடவுனிலேயே முகம் மழித்துக்கொண்டிருந்தவர், கழுவ வந்திருந்தார். கையில் கத்தி. இடது தாடையில் வழக்கமான இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துவிட்டார் போலிருக்கிறது, வெட்டி ரத்தம் வந்துகொண்டிருந்தது.

“ஒண்ணுமில்ல சித்தப்பா. ரத்தம் நிறுத்துற குச்சி. மழிக்கும்போது வெட்டிடுச்சு.”

“அப்ப எனக்கும் வையி. சட்டை வெள்ளை, கறையாயிடும்.”

தாடையை நீட்டிவிட்டார். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். சின்னவர் குச்சி நுனியால் ஒரே ஒரு தடவை ஒற்றினார். ரத்தம் உடனே நின்றது. நல்ல சாமான்டா என்று சித்தப்பா பாராட்டினார்.

முற்றத்தில் நல்ல வெயில். டீலர்கள் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் வெயிலுக்கு முகம் சுளிக்காமல், கொள்ளுத்தாத்தா படத்துக்குப் பக்கத்தில் அதே கோட்டில், அதே நிமிர்வில் நின்றார். அவர் பேச ஆரம்பித்தபோது சின்னவர் முகத்தில் ஒன்றுமில்லை. மனைவி தூரத்திலிருந்து கண்ணால் கேட்டாள். இவர் உதட்டைப் பிதுக்கினார்.

பூட்டு என்பது இரும்பல்ல, வாக்கு என்று பெரியவர் சொன்ன இடத்தில் முன்வரிசை டீலர்கள் சின்னவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அசல் எது, போலி எது என்று மக்களுக்கு முகத்தைக் காட்டிச் சொன்ன குடும்பம் இது என்ற இடத்தில் பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

போட்டோகிராபர்தான் கேட்டார். “சார், முகத்துல மையா?”

வெயில் தன் வேலையைச் செய்திருந்தது. தாடையில் ஒரு நாணயம் அகலத்துக்குக் கறுப்பு. அங்கிருந்து வழிந்து கோடு. நெற்றியில் நான்கு விரல். மூக்கு நுனி மொத்தமும். காதோரம் கொசு செத்த இடத்தில் ஒன்று. கைக்குட்டையால் தேய்க்கத் தேய்க்க, கைக்குட்டையும் கறுத்ததே தவிர முகம் வெளுக்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தார். அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த மௌனம் முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது.

அப்போதுதான் முன்வரிசையில் வயதான டீலர் ஒருவர் மெதுவாகக் கையை நீட்டினார். “அங்க பாருங்க. உங்க தம்பிக்கு.”

முற்றத்து ஓரத்தில், சரக்கு வண்டிக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டையோடு சித்தப்பா நின்றிருந்தார். இடது தாடையில், மிளகளவு, கச்சிதமாக, கறுகறு என்று ஒரு மச்சம். பெட்டியில் இருப்பது போலவே இருந்தது. பெட்டியில் இருப்பதைவிட நன்றாகவே இருந்தது.

எல்லோரும் தன்னையே பார்ப்பது கண்டு, அவர் குனிந்து வண்டியின் பக்கக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். தொட்டுப் பார்க்கக் கையைத் தூக்கியவர், தொடாமலே கீழே இறக்கினார். பிறகு பக்கத்தில் இருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். ஆயுள் முழுவதும் கோடவுனில் நின்று உழைத்தவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

நான்தான் வைத்தேன் என்று சொல்லச் சின்னவர் வாயைத் திறந்தார். சொன்னால், டீலர்கள் முன்னால், கொள்ளுத்தாத்தா படத்துக்குக் கீழே, குடும்பம் நாறிப்போகும். சொல்லாவிட்டால் நாற்காலி போகும். அவர் வாயிலிருந்து வந்தது ‘ம்’ மட்டும்தான். அதையும் யாரும் கேட்கவில்லை.

சித்தப்பா எழுந்து அண்ணனுக்கு நேரே வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. முதல் தடவையாகக் குரல் உயராமலே எல்லோருக்கும் கேட்டது.

“அண்ணே, இது எங்கேயிருந்து வந்ததுன்னு உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வேண்டியதில்ல.”

கொள்ளுத்தாத்தாவைத்தான் சொல்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. அதில் தவறாக ஒன்றும் இல்லை. ஆனால் பெரியவர் முகம் வெளிறிப்போயிற்று. எதற்கும் வளையாத அந்த முதுகு ஒரு சுற்றுக் குறுகியது. இப்போது அவர் இதை ஏற்க மாட்டார், தம்பியை எல்லோர் முன்னிலையிலும் விரட்டப் போகிறார் என்று சின்னவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மனதின் ஒரு மூலையில் அதை விரும்பவும் செய்தார்.

பெரியவர் தலைமைச் சாவியை எடுத்து, இரண்டு கையாலும் தம்பியிடம் நீட்டினார். பக்கத்தில் நின்ற சின்னவர் காதில் மட்டும் விழும் குரலில், தம்பியிடம் “இங்க எதுவும் பேசாத. வாங்கிக்க” என்றார்.

சித்தப்பாவுக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. அவர் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டீலர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். போட்டோகிராபர் கொள்ளுத்தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் சித்தப்பாவை நிறுத்தி, தாடையை மட்டும் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்பச் சொன்னார்.

பெரியவர் மகனைக் கடந்து போகும்போது நின்றார். ஏன், எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. முகத்தைக் கழுவு என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் முகத்தையும் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அப்பா தோற்றதைச் சின்னவர் அதுவரை பார்த்ததில்லை. நாற்காலி போனதைவிட அதுதான் அவரை உலுக்கியது.

வேறு போக்கிடம் இல்லாமல் எதிரே மருந்துக்கடைக்குப் போனார். முகத்தைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். அதை எடுத்ததும் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, நெற்றி, மூக்கு, காது, தாடை என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். இந்தக் கறையை எடுக்க ஏதாவது இருக்கிறதா, நீங்கள் கொடுத்த குச்சியால்தான் என் வாழ்க்கையே போயிற்று என்று சின்னவர் சொன்னார். குடும்பப் பெயர் தெருவில் கெடாதபடி, மெதுவாகத்தான் சொன்னார்.

கடைக்காரர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

“இவ்வளவு தண்ணியில முக்கக் கூடாது தம்பி. நுனியை மட்டும் நனைச்சு ஒரே தடவை வைக்கணும், கை வேற எங்கயும் படக் கூடாது; உங்க தாத்தாவுக்கு எங்கப்பா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு, உங்கப்பாவும் இத்தனை வருஷமா அப்படித்தானே வச்சுக்கிட்டு வர்றாரு.”